பறக்கும் மாவு

கடலைமாவு மில்லில் கேஸ் குழாய் கசிந்து வேலையை நிறுத்தியிருந்தார்கள். வாடை இன்னும் போகவில்லை. அதிகாரி பார்வையிட வருவதற்குள் உத்தரத்தில் படிந்த மாவைக் கூட்டித் தள்ளச் சொன்னான் மேஸ்திரி பொன்னுரங்கம். மாரக்காள் துடைப்பத்தைத் தொடவில்லை.

"படிஞ்சு கெடந்தாத்தானுங்க மாவு. கேஸோட சேந்து பறந்தா வெடிமருந்துங்க. ஒரு பொறி போதும்."

"நாயே, எனக்கே பாடம் எடுக்கறயா?"

பதினோரு வருடமாக அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான். அவள் வெளியே வந்துவிட்டாள். வீம்புக்கு அவனே துடைப்பத்தை எடுத்து விளாசினான். மாவு புகையாய் எழுந்து அவனை மறைத்தது. இருமலும் குரலும் மட்டும் வந்தன.

"கண்ணே தெரியல. லைட்டப் போடுடி, நாயே!"

பொறி தெறிக்காமல் எரியாத அந்தப் பழைய டியூப் லைட்டின் சுவிட்ச் வெளிச்சுவரில், அவள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அவன் ஏவிய வேலையைச் செய்ய முதல்முறையாக அவளுக்கு ஆசை வந்தது.