படப்பைக் கூட்டத்தில் நீலச் சட்டை

அரசியல் வீடியோ எது கிடைத்தாலும் நண்பன் பிரேம் முதலில் சோயாவுக்கும் அவள் அண்ணன் அசாருக்கும்தான் மெயில் அனுப்புவான். அதை வைத்து மூவரும் ஒரு வாரம் சண்டை போடுவார்கள். அன்று மதியம் வந்தது, காலையில் படப்பைக் கூட்டத்தில் நடந்த தடியடி. 'டிவில இத காட்டவே மாட்டாங்க' என்று எழுதியிருந்தான்.

அசார் அந்தக் கூட்டத்துக்குத்தான் போயிருந்தான். செல்போனும் அணைந்து கிடந்தது.

அஸ்தினாபுரத்து வீட்டில் நெட் ஆமை வேகம். வீடியோவை நிறுத்தி வைத்து, முழுசாக ஏறிய பிறகுதான் பார்ப்பார்கள். சோயாவுக்கு அன்று பொறுமையில்லை, உடனே ஓடவிட்டாள். நீலச் சட்டையில் அசார் அடிபட்டு விழுந்தான். அதோடு படம் நின்றுவிட்டது.

கேட் திறந்தது. அதே நீலச் சட்டையில் அசார் உள்ளே வந்தான்.

"பஸ்ஸ விட்டுட்டேன். தாம்பரத்துலயே நின்னு பாத்துட்டு திரும்பிட்டேன். செல்லுல சார்ஜ் இல்ல."

சோயா அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

அசார் திரையைக் குனிந்து பார்த்தான். விழுந்தவன் சட்டையிலும் மூன்றாவது பட்டன் மட்டும் வெள்ளை. அம்மா நேற்று தைத்துக் கொடுத்தது.

அதற்குள் மீதியும் ஏறியிருந்தது. ஓடவிட்டார்கள். விழுந்தவன் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, தாம்பரம் என்று போர்டு போட்ட பஸ்ஸில் ஏறினான்.

"அல்ஹம்துலில்லாஹ், அவனுக்கும் ஒண்ணும் ஆகல," என்றான் அசார்.

சோயாவுக்கும் நிம்மதியாக இருந்தது. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, இன்னொரு ஆளுக்கும் சேத்து சோறு வையும்மா."