வெளியே போகும் வழி

அந்த ரேஸ் காரில் இன்ஜினை ஒட்டி இருந்த ஆயில் ஃபில்டரைக் கழற்றி, காற்று படட்டும் என்று முன்பக்கத்தில் மாட்டினார்கள். ஆயில் போக ஒரு ஹோஸ், வடிகட்டித் திரும்பி வர இன்னொன்று. அவசரத்தில் மெக்கானிக் இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டார்.

பந்தயம் தொடங்கும் நேரம். இன்ஜின் உறுமியது. ஹோஸ் வழியே ஓடிவந்த ஆயில், ஃபில்டருக்குள் ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும் ரப்பர் கதவில் முட்டி நின்றது.

"இது வெளியே போற வழி," என்றது ஃபில்டர். "உள்ளே வர்றவங்க அந்தப் பக்கமா வரணும்."

"தெரியும்ண்ணே. ஹோஸை மாத்தி மாட்டிட்டாங்க. அங்கே இன்ஜின் காய்ஞ்சு கிடக்கு. இந்த ஒரு தடவை விடுங்க."

"இன்னைக்கு உன்னை விட்டா, நாளைக்கு எல்லாரும் இப்படித்தான் வருவாங்க."

பின்னாலிருந்து இன்ஜினின் குரல் வந்தது. "ஆயில் எங்கே? பேரிங் எரியுது."

"கேட்டீங்களாண்ணே?"

"கேட்டுச்சு. பாவமாத்தான் இருக்கு. அதுக்காக முறையை விட முடியுமா?"

ஆயில் பிரஷர் முள் எழவே இல்லை. டிரைவரின் கண் முள்ளில் இல்லை, கொடியில் இருந்தது. கொடி அசைந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஆயில் இன்னும் பலமாக முட்டியது. கதவு இன்னும் இறுக மூடிக்கொண்டது. இன்ஜின் கரகரத்தது, கிறீச்சிட்டது, அப்படியே இறுகி நின்றுவிட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஃபில்டர் திருப்தியோடு சொன்னது:

"இன்னைக்கு என்னைத் தாண்டி ஒரு தூசிகூட இன்ஜினுக்குள்ள போகல."