நிபந்தனையற்ற மன்னிப்பு

சனிக்கிழமைதோறும் மகளை அவள் அம்மாவிடம் அனுப்ப வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவை சகாயராஜ் மீறினான். பிரிந்து வாழும் மனைவி ஜெனிட்டா வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறக்கவில்லை. "அம்மா வரலை" என்று மகள் ரினியிடம் சொல்லிவிட்டான். அவமதிப்பு வழக்கில் அவன் சிறைக்குப் போக, மகள் தாயிடம் போனாள்.

மன்னிப்புக் கேட்டால் விடுதலைதான். ஆனால் அது மனசிலிருந்து வருகிறதா என்று மணிக்கட்டில் கட்டும் பட்டை சொல்லிவிடும். அவன் ஒவ்வொரு முறை கேட்டபோதும் பட்டை சிவப்பாகவே எரிந்தது. பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டதில் என்ன தப்பு என்றுதான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை நீதிபதி ஜெனிட்டாவைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

"நான் குளிக்கப் போனாக்கூட பாப்பா கதவுகிட்டயே நிக்கிறாய்யா. 'திரும்பி வந்துடுவியாம்மா?'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

சகாயராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "என்னை மன்னிச்சிடு" என்றான். பட்டை பச்சையானது.

"நீதிமன்றம் மன்னிப்பை ஏற்கிறது" என்றார் நீதிபதி. நீதிமன்றத்தை அவன் நினைக்கவே இல்லை.

அன்று மாலை ஜெனிட்டாவின் வீட்டில் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு அம்மா வந்தாங்க ரினி. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "எவ்வளவு நேரம் நின்னாங்க?"

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

"இருட்டுற வரைக்கும்" என்றான்.