நாற்பத்திரண்டு மில்லிகிராம்

நான் வளர்க்கும் பாக்டீரியா தரும் புரதம் எப்போதும் கரையாமல் கட்டிகட்டியாக அடியில் படிந்துவிடும். பக்கத்து மேஜை அக்காவுக்கோ தெளிவாகக் கரைந்து, லிட்டருக்கு நாற்பது மில்லிகிராம் கிடைக்கும். நானும் வெப்பத்தைக் குறைத்தேன், உப்பை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வகத் தலைவர் அவளையே புகழ்ந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

நேற்று அவள் சாப்பிடப் போனதும், அவள் பாக்டீரியா வளர்த்த குடுவையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தேன்.

இன்று மதியம் அதிலிருந்து புரதத்தைப் பிரித்து அளந்தாள். நாற்பத்திரண்டு. கருவி பழுதோ என்று நானே மறுபடி அளந்து பார்த்தேன். அதே எண்தான்.

"நல்லா வந்திருக்குக்கா," என்றேன்.

"ஆமாம்மா," என்று சிரித்தவள், காலிக் குடுவையைக் கழுவி என் கையில் கொடுத்தாள். "நாளைக்கும் நீயே ஊத்திடு."