கட்டாத கை

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. தாடையையும் கட்டியாயிற்று.

கைக்கு வந்தபோது அவள் துணிக்கீற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கையைக் கட்ட வேணாம் மாமா."

ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தார். பாயில் கிடந்த கோதண்டம் அவருக்குத் தம்பி, அவளுக்குப் புருஷன்.

உடம்பு விறைப்பதற்குள் கைகளை மார்பின்மேல் மடக்கிக் கட்டிவிட வேண்டும் என்றார். அதுதான் முறை என்றார். வாசலில் நிற்கிற சனம் என்ன பேசும் என்றும் கேட்டார்.

அவள் துணியை விடவில்லை.

வலது கை பாயில் நீண்டு கிடந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் விலகி, லேசாக வளைந்து. முப்பது வருஷம் கிரிக்கெட் பந்தைப் பிடித்த விரல்கள். வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். தையற்காரர் ஒவ்வொரு தீபாவளிக்கும் அளவு தப்பென்று நினைத்து மறுபடி எடுப்பார்.

வெள்ளைக்காரர்கள் கிளப்பில் புல் வெட்டப் போனவர். வலைக்குள் துரைகள் அடித்துப் பழக, பந்து போட ஆளில்லாத ஒருநாள் இவரைக் கூப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் புல்லை வேறு யாரோ வெட்டினார்கள்.

பந்து போடுவதற்கென்றே மாதச் சம்பளம். அந்தக் கிளப்பில் அதற்குமுன் அப்படியொரு வேலை கிடையாது. மேட்ச்சிலும் இறக்கினார்கள். துரைகள் உட்காரும் பெவிலியன் படியில் கால் வைக்கக் கூடாது. மட்டையைத் தொடக் கூடாது. பந்தை மட்டும் தொடலாம்.

கல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய துரை விருந்தாளியாக வந்து ஆடினார். அவர் ஐம்பது ரன் எடுக்கட்டும், பதமாகப் போடு என்று கிளப் கிளார்க் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பத்தாறில் நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது.

ஆபீசில் கூப்பிட்டு நிறுத்தினார்கள். வேலை போகாமலிருக்க ஒரு வழி உண்டு என்றார் கிளார்க். பந்து கை தவறிப் போய்விட்டதாகச் சொன்னால் போதும். இங்கிலீஷில் அவரே சொல்லிக்கொள்வார். இவர் தலையாட்டினால் ஆயிற்று.

"கை தவறலை," என்றார் கோதண்டம்.

கல்யாணமாகி அப்போது நாலாம் மாதம். வேலை போய்விட்டதென்று அவர் வந்து சொன்னார். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தோளில் தேய்த்துவிட்டாள்.

அப்புறம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஞாயிற்றுக்கிழமையானால் எந்த டீம் கூப்பிட்டாலும் போனார். அச்சாபீஸ் டீம், டிராம் டீம், மார்க்கெட் டீம். கூலி வாங்கிக்கொண்டு பந்து போட்டார். ஐம்பது வயதுக்குமேல் கை தலைக்கு மேலே எழும்பவில்லை. தோளுக்குக் கீழேயே சுற்றிப் போட்டார்.

அப்படியும் ஸ்டம்ப் விழுந்தது.

ஏகாம்பரம் இன்னும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கட்டிப் போட அவங்க பார்த்தாங்க," என்றாள். "இவரு விடலை. இப்ப நாம கட்டணுமா?"

அவர் கையைத் தாழ்த்திக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பாடை எழுந்தது. விறைத்த கை அதற்கு வெளியே நீண்டு நின்றது. சந்து குறுகல். முன்னால் தூக்கியவர்கள் தயங்கினார்கள். இப்படியே போனால் கை சுவரில் இடிக்கும். யாராவது உள்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் சுவருக்கும் பாடைக்கும் நடுவில் புகுந்தாள். கையை உயர்த்தி அந்தக் கையைப் பிடித்தாள்.

பறை முன்னால் போனது.

சந்து முடிகிற இடத்தில் பெண்கள் நின்றார்கள். அதற்குமேல் பெண்கள் வருவதில்லை.

"இனிமே ரோடு அகலம்தான்," என்றார் ஏகாம்பரம், மெதுவாக. "விட்டுடும்மா."

சுடுகாடு இன்னும் ஒரு மைல் இருந்தது.

அவளுக்கு வலது கை வலித்தது. இடது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.