பழகிய பச்சை

ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்கள் எல்லோரிடமும் அந்தக் கருவி முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா?" பதில் பொய்யென்றால் சிவப்பு எரியும், மெய்யென்றால் பச்சை.

ஜெயசிங் இதற்கெல்லாம் அசருகிறவனா? அதே மாதிரி விளக்குக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, மனைவி பியூலாவை எதிரே உட்காரவைத்துப் பழக்கினான். "யாரும் அடிக்கல" என்று அவள் சொல்ல வேண்டும். சிவப்பு எரிந்தால் கன்னத்தில் அறை விழும். வாங்கி வாங்கி, கடைசியில் அவளுக்குப் பச்சை தவறாமல் எரியத் தொடங்கியது.

அந்தத் தைரியத்தில்தான், அவள் கையை ஒடித்த அன்று அவனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கருவி இருந்த அறைக்குள் ஆண்களை விடவில்லை.

"பாத்ரூம்ல வழுக்கிட்டு. யாரும் அடிக்கல."

பச்சை. நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினாள்.

"சிஸ்டர், அந்தப் பச்சைய நம்பாதீங்க," என்றாள் பியூலா. "அது அவரு அடிச்சே பழக்குனது."

நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டு, பியூலாவின் வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயசிங் போனை அவள் வாய்க்கு நேரே நீட்டினான். "ஏட்டி, உள்ள எதையும் உளறுனியா?"

"ஒண்ணும் சொல்லல."

பச்சை எரிந்தது. அவன் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தான். வாசல் கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள்.

"யாருட்டி அது?"

"தெரியலியே," என்றாள்.

போன் பச்சை காட்டியது.