பாதித் தலை

தென்கொரியாவில், பியோங்டேக் அமெரிக்க ராணுவ முகாமின் முடிதிருத்தும் கடையில் காலை வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது. சிப்பாய் டெக்ஸ்டரின் பாதித் தலையை மழித்துவிட்ட ஜங் மால்சுன், மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். கண்ணாடியோரம் சாய்த்து வைத்த போனில் அமெரிக்காவிலிருந்து அவன் மனைவி, பிறந்த குழந்தையை முதன்முதலாகக் காட்டுகிறாள். அவன் தோள் குலுங்குகிறது. "முழு மொட்டையா இருக்கானே, எனக்கு வேலையே வைக்கலையே!" என்கிறாள் மால்சுன், குழந்தையைப் பார்த்து. அப்போது சைரன் அலறுகிறது. பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்த சிப்பாய்கள் எழுந்து ஓட, அவனும் கழுத்துத் துணியை உதறிவிட்டுத் தொப்பியோடு ஓடுகிறான். காலி நாற்காலி இன்னும் சுழல்கிறது. "என்ன சத்தம் அது? அவர் எங்க?" போனில் அந்தப் பெண்ணின் முகம் வெளிறுகிறது. மால்சுன் போனைக் கையில் எடுக்கிறாள். "வெறும் பயிற்சிதாம்மா, பயப்படாத." பயிற்சிதானா என்று அவளுக்கும் தெரியாது. "பாதித் தலையோட எங்க போவான்? இங்கதான் வந்தாகணும்."